ஏழு பாட்டில் மினாக்ஸிடில், மூன்று சுற்று ரப்பர் பேண்ட்

மினாக்ஸிடில் என்பது முடி வளரத் தலையில் தடவும் மருந்து. தலையில் முடி எவ்வளவு மிச்சம் என்பதற்கு என் கணக்கெல்லாம் ரப்பர் பேண்ட்தான். கல்லூரியில் படிக்கும்போது இரண்டு சுற்றிலேயே இறுகிவிடும். போன வருஷம் நான்கு சுற்று சுற்றியும் தொளதொளவென்று கீழே இறங்கியது. குரோம்பேட்டையில் ஒரு முழம் மல்லிகை வைத்துக்கொண்டு பீச் டிரெயின் ஏறினால், பரங்கிமலை வருவதற்குள் பூ தோளில் கிடக்கும். ஸ்லைடு பிடித்து நிற்கக் கொஞ்சமாவது முடி வேண்டுமே. லேடீஸ் கம்பார்ட்மெண்டில் பின்னால் நின்ற ஒரு அம்மா, "வகிடு இவ்ளோ அகலமா இருக்கே, தைராய்டு பாத்தியாம்மா?" என்று கேட்டார். முகம் சுண்டிப்போனாலும், கேட்டது சரியான கேள்வி என்று பிறகுதான் தெரிந்தது.

ஏனென்றால் நான் முதலில் போன கிளினிக்கில் அதை யாரும் கேட்கவில்லை. பெயர் வேண்டாம். ஏசி அறையில் உட்கார வைத்து, தலையில் ஒரு சின்ன கேமராவை ஓட்டி, டிவியில் காட்டினார்கள். அறுப்பு முடிந்த வயல் மாதிரி இருந்தது. அந்த அதிர்ச்சி ஆறுவதற்குள் 68,000 ரூபாய் பேக்கேஜ், தவணை வசதி உண்டு என்று ஒரு அட்டையை நீட்டினார்கள். ரத்தப் பரிசோதனை என்ற பேச்சே இல்லை. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று நழுவி வந்துவிட்டேன்.

அடுத்துப் பார்த்த தோல் டாக்டர் கேமராவைத் தொடவே இல்லை. "போன வருஷம் டெங்கு, டைபாய்டு ஏதாவது வந்துதா? மாதவிடாய் எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். தைராய்டு சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் 10.2, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் வெறும் 11. இரும்பு மாத்திரையோடு, ராத்திரி ஒருவேளை மட்டும் 5 சதவீத மினாக்ஸிடில் ஒரு மில்லி. வயது 44, இனி பிள்ளை பெறும் யோசனை இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே எழுதினார். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் இதைத் தொடக்கூடாது.

இனி பாட்டில் விஷயம். 60 மில்லி, எனக்கு இரண்டு மாதம் வரும், 700 ரூபாய்க்குக் கொஞ்சம் முன்னே பின்னே. கூடவே ஒரு ஸ்ப்ரே பம்ப்பும் ஒரு டிராப்பரும் தருகிறார்கள். பம்ப் சுத்த வேஸ்ட். பாதி முடியில் போகும், மீதி நெற்றியில் வழியும். மருந்து சேர வேண்டியது தோலில். சீப்பால் வகிடு எடுத்து, டிராப்பரால் சொட்டுச் சொட்டாக விட்டு, விரலால் தடவி, கையைக் கழுவிவிட வேண்டும். ஊசி போடும் முன் தேய்க்கும் பஞ்சின் வாடை அடிக்கும். காய்ந்தபின் முடி, சீயக்காயைச் சரியாக அலசாத மாதிரி பிசுபிசுக்கும். மே மாதத்தில் கரண்ட் போன ராத்திரி ஒன்றில் வியர்வையோடு சேர்ந்து கழுத்து வரை இறங்கியது, அரிப்பு தாங்கவில்லை.

இன்னொரு தப்பும் செய்தேன். தடவிய கையோடு படுத்துவிடுவேன். மருந்து தலையணையில் ஒட்டி, தலையணையிலிருந்து கன்னத்துக்கு வந்து, மூன்று மாதத்தில் கிருதா பக்கம் பூனை முடி முளைத்துவிட்டது. தலையில் வர வேண்டியது தாடையில் வந்தால் அழுவதா சிரிப்பதா? எட்டு மணிக்கே தடவத் தொடங்கினேன், மெல்ல மெல்ல குறைந்தது. பூனை என்றதும் ஞாபகம்: வீட்டில் பூனை இருந்தால் மிகவும் ஜாக்கிரதை, இது அதற்கு விஷம்.

முதல் மாதம் என்னை நானே திட்டிக்கொண்ட மாதம். மூன்றாவது வாரத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டி, குளியலறை ஜாலி அடைத்துக்கொண்டது. டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஒவ்வொரு முடியும் சில வருஷம் வளர்ந்து, மூன்று மாதம் போல ஓய்வெடுத்து, பிறகு விழும். ஓய்விலிருப்பதை இந்த மருந்து சீக்கிரமே வெளியே தள்ளி அடுத்ததைக் கிளப்புகிறதாம். இந்தக் கட்டத்தில்தான் பலர் பாட்டிலைத் தூக்கிப் போடுகிறார்கள். அம்மா கரிசலாங்கண்ணித் தைலத்தோடு வந்து நின்றார். எல்லாவற்றுக்கும் போர் தண்ணிதான் காரணம் என்றார் மாமியார். அதே தண்ணியில் குளிக்கும் நாத்தனாருக்குப் பின்னல் இடுப்பைத் தாண்டுகிறது.

ஆறாவது மாதம் வகிட்டோரம் குட்டை குட்டையாக, படியாமல், முள் மாதிரி முடி. பதினான்கு மாதம் கழித்து இன்று ரப்பர் பேண்ட் மூன்று சுற்று. இரண்டு ஆகவில்லை. அந்த ஒரு சுற்றில் இரும்பு மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கவும் வழியில்லை. தலைத்தோலில் உள்ள ஒரு என்சைம் இதை மாற்றிக் கொடுத்தால்தான் மருந்து வேலை செய்யுமாம். அது குறைவாக இருப்பவர்களுக்கு எத்தனை பாட்டில் ஊற்றினாலும் பெரிய பலன் இருக்காது. பலன் கிடைத்தவர்கள் நிறுத்தினாலும் சில மாதத்தில் வந்ததெல்லாம் போய்விடும்.

இதைவிட நல்லது ஏன் இன்னும் வரவில்லை என்பதுதான் என் ஆதங்கம். இது முடிக்காகக் கண்டுபிடித்த மருந்தே இல்லை. 1979-இல் அமெரிக்காவில் பிரஷர் மாத்திரையாக வந்தது, என்னைவிட இரண்டு வயது மூத்தது. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி முளைக்கவே, 1988-இல் ஆண்களுக்குத் தலையில் தடவும் மருந்தானது, பெண்களுக்கு 1991-இல். ஆண்களுக்காக 1997-இல் வந்த ஃபினாஸ்டிரைடு மாத்திரையும் முதலில் புராஸ்டேட்டுக்கு வந்ததுதான். 2022-இல் ஆபீஸ் வாட்ஸ்அப்பில் "வழுக்கைக்கு மருந்து வந்தாச்சு" என்று ஒருவர் பகிர்ந்தார். ஆசையாகப் படித்தால் பாரிசிட்டினிப். அது புழுவெட்டுக்கு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்கும் நோய்க்கு. என் வகிட்டுக்கு அதனால் பயனில்லை. எலிக்கு முடி வளர்ந்துவிட்டது என்ற செய்தியையும் இப்போது தாண்டிப் போய்விடுகிறேன். எலிக்கு முடி அலை அலையாக, பக்கம் பக்கமாகச் சேர்ந்து வளரும். நமக்கு ஒவ்வொரு முடிக்கும் ஒரு தனி நாள்காட்டி.

ஐந்துக்கு மூன்று ஸ்டார் கொடுக்கிறேன். அரை ஸ்டாரை அந்தப் பம்ப்புக்காகவே குறைத்தேன். வாங்குவதாக இருந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகு பாட்டில். எட்டாவதை நேற்றுத்தான் பிரித்தேன். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் தடவிவிட்டு, துண்டைக் கட்டிக்கொண்டு தோசை ஊற்றப் போய்விட்டேன்.