சுவருக்குப் பெயின்ட்டா, இழுத்துவிடும் ஸ்கிரீனா?

ப்ரொஜெக்டர் வாங்கியாச்சு, படத்தை எதில் போடுவது என்பதில்தான் குழப்பம் என்றால் என் ஓட்டு சுவருக்குத்தான். எங்கள் மாடி அறையில் சுவருக்கே பெயின்ட் அடித்துத்தான் பார்க்கிறோம். அதற்கு முன் மேலிருந்து இழுத்துவிடும் ஸ்கிரீன் இருந்தது, அதனால் இரண்டையும் வைத்துப் பேச முடியும். சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டும் ஃபிக்ஸட் ஃப்ரேம் ஸ்கிரீனை ஒரு நண்பர் வீட்டில் பார்த்ததோடு சரி. படம் அருமையாக இருந்தது, விலையும் அதற்கேற்ற மாதிரி இருந்தது.

செலவுக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூலைக்கு மூலை 100 அங்குலப் படம் என்றால் அகலம் 87 அங்குலம், உயரம் 49, ஏறக்குறைய 30 சதுர அடி. இரண்டு கோட் அடித்தாலும் ஒரு லிட்டர் டப்பாவில் மீதி இருக்கும். வெளிச்சத்திலும் பெரிய வித்தியாசம் கிடையாது. சாதாரண வெள்ளை ஸ்கிரீனின் கெயின், அதாவது வெளிச்சத்தை எவ்வளவு திருப்பித் தருகிறது என்ற அளவு, 1-ஐ ஒட்டித்தான் இருக்கும், நல்ல மேட் வெள்ளை பெயின்ட்டும் அதற்குப் பக்கத்தில் வந்துவிடும்.

என்னை ஸ்கிரீனிலிருந்து சுவருக்கு மாற்றியது சீலிங் ஃபேன். நம் ஊர் வெயிலில் ஃபேன் இல்லாமல் இரண்டரை மணி நேரம் யாரும் உட்கார மாட்டார்கள், ஃபேன் சுற்றினால் தொங்கும் ஸ்கிரீன் லேசாக ஆடும், கூடவே படமும் ஆடும். அதையாவது ஃபேனை ஒரு பாயின்ட் குறைத்துச் சமாளிக்கலாம். மாதங்கள் போகப் போக ஸ்கிரீனில் விழும் அலைக்கு என்ன செய்வது? சுருட்டிச் சுருட்டி விரிப்பதில் ஓரம் உள்பக்கமாக மடங்கும், நடுவில் மேலிருந்து கீழாகச் சுருக்கம் விழும். படம் அசையாமல் நிற்கும்போது இது கண்ணுக்கே தெரியாது. கிரிக்கெட்டில் பந்து பவுண்டரிக்கு ஓடுகிறது, கேமரா கூடவே திரும்புகிறது பாருங்கள், அப்போது விளம்பரப் பலகை எழுத்தெல்லாம் அந்த இடத்துக்கு வந்ததும் ஒருமுறை நெளிந்துவிட்டுப் போகும். ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், அப்புறம் கண் அங்கேயேதான் போய் நிற்கும். பக்கவாட்டில் கயிறு கட்டி இழுத்துப் பிடிக்கும் டேப் டென்ஷன் ஸ்கிரீன்களில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும், ஆனால் அவற்றின் விலை வேறு.

சுவர் நெளியாது. ஆனால் முதலில் அது மட்டமாக இருக்க வேண்டுமே. இதில்தான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள்: ஸ்கிரீன் பெயின்ட் என்று தனியாக விற்பதைத் தேடிப் போய் வாங்கி, மேடு பள்ளமான பூச்சின் மேல் அடித்துவிட்டு, சுவரெல்லாம் சரிப்படாது என்கிறார்கள். காசும் நேரமும் போக வேண்டிய இடம் பட்டி வேலை. இருட்டில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள், பகலில் கண்ணாடி மாதிரி தெரிந்த சுவரில் கரண்டி இழுத்த தடமெல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். அந்த நிழல் போகும்வரை வெள்ளை சிமென்ட் பட்டி பூசுவதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும்தான் வேலை. எங்களுக்கு அடித்த பெயின்டர் அண்ணன், டார்ச்சைப் பார்த்ததும், “சார், இதுக்கு மேல தேய்ச்சா பக்கத்து ரூம் தெரிஞ்சிடும்” என்றார். தேய்த்தும் கொடுத்தார். பட்டி ஓரிரு மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் நிற்காது, பள்ளம் அதைவிடப் பெரிது என்றால் கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூச்சிலேயே சரிசெய்ய வேண்டும்.

பெயின்ட்டில் கவனிக்க வேண்டியது பளபளப்பு. விலை கூடிய எமல்ஷன்களில் பல ஷீன் ஃபினிஷில் வருபவை, அதை அடித்தால் நடுவில் ஒரு வெளிச்சத் திட்டு தெரியும். கடையில் மேட் என்று கேட்டு வாங்குங்கள், கலர் எதுவும் கலக்க வேண்டாம். பிரஷ் வேண்டவே வேண்டாம், முடி குட்டையான ரோலர்தான். சுற்றி இரண்டு மூன்று அங்குலத்துக்குக் கறுப்பு வெல்வெட் துணியை ஒட்டிவிட்டால் ஓரத்தில் வழியும் வெளிச்சத்தை அது குடித்துவிடும், படமும் பளிச்சென்று தூக்கிக் காட்டும். சாம்பல் நிறம் அடித்தால் கறுப்பு நன்றாக வரும் என்பார்கள். வரும்தான், ஆனால் வெள்ளையும் அதே அளவுக்கு மங்கும். அடித்துப் பார்த்த அனுபவம் எனக்கில்லை, லூமன்ஸ் (வெளிச்ச அளவு) குறைந்த ப்ரொஜெக்டரில் நான் துணிய மாட்டேன்.

பராமரிப்பு என்றால் பல்லி எச்சமும் பிள்ளைகள் கைத்தடமும்தான். மேட் பெயின்ட்டை ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் மட்டும் பளபளக்கும், அழுக்கான இடத்தில் மட்டும் டச்சப் செய்தால் திட்டாகத் தெரியும். அதனால் டப்பாவில் மீதியிருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது படம் விழும் மொத்த இடத்துக்கும் ஒரு கோட் ஓட்டிவிட வேண்டும். அரை நாள் வேலை. ஸ்கிரீனில் அலை விழுந்தால் இப்படி ஒரு வழி கிடையாது.

வாடகை வீடு என்றால் யோசிக்காமல் ஸ்கிரீனுக்குப் போங்கள். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவரில் பெயின்ட் அடிப்பதும் வீண், உப்புப் பூத்துப் பட்டியோடு உரிந்து வரும். சுவருக்குக் கீழேயே வைக்கும் அல்ட்ரா ஷார்ட் த்ரோ ப்ரொஜெக்டருக்கும் சுவர் ஒத்துவராது, அதன் வெளிச்சம் கீழிருந்து சுவரை உரசிக்கொண்டு ஏறுவதால் நம் டார்ச் காட்டிய அத்தனையையும் படத்திலேயே காட்டிவிடும். கீழிருந்து வரும் வெளிச்சத்தை மட்டும் நம் பக்கம் திருப்பி, மேலே விளக்கிலிருந்து வருவதை விழுங்கும் ஏஎல்ஆர் ஸ்கிரீன் அதற்கென்றே இருக்கிறது, விலை கூடினாலும் அதுதான் சரி. ஜன்னலைத் திறந்து வைத்துப் பகலில் மேட்ச் பார்ப்பதுதான் முக்கியம் என்றால் அந்தக் காசுக்குப் பெரிய டிவியாக வாங்கிக்கொள்ளலாம்.