கேட் (CAD) டிராயிங்கை பிரிண்ட் மேனுவலுக்கு கொண்டு வர்றது: 8 வருஷத்துல நான் கத்துக்கிட்டது

சர்வீஸ் மேனுவலும் பார்ட்ஸ் கேட்டலாகும் தயார் பண்றதுதான் 8 வருஷமா என் பொழப்பு. டிசைன் பண்றவங்க ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் மாதிரி கேட் சாஃப்ட்வேர்ல (கம்ப்யூட்டர்ல டிசைன் வரையுறது) போட்டு வச்ச படத்தை எடுத்து புக்ல தெளிவா வர வைக்கணும், அவ்ளோதான். கேக்குறவங்களுக்கு ஒரு எக்ஸ்போர்ட் பட்டனை அமுக்குற வேலை மாதிரி இருக்கும், ஆனா இதுல நான் வாங்கின அடி கொஞ்சநஞ்சமில்ல. எந்த சாஃப்ட்வேர் நல்லதுன்னு நிறைய பேர் கேக்குறாங்க, அதையும் சொல்றேன். ஆனா என்னைக் கேட்டா, மெஷின் ஷாப்புக்குப் போட்ட டிராயிங்கையே மேனுவலுக்கும் தூக்கிப் போடுறதுதான் முதல் தப்பு, சாஃப்ட்வேர் எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

ஆரம்பத்துல எல்லாரும் பண்றதைத்தான் நானும் பண்ணேன், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேர்ட்ல ஒட்டுறது. மானிட்டர்ல பார்த்தா பளிச்னு இருக்கும். கணக்கு போட்டுப் பாருங்க, 1920 பிக்சல் அகலம் இருக்குற ஸ்கிரீனை முழுசா புடிச்சாலும், கோட்டுப் படத்துக்கு குறைஞ்சது 600 டிபிஐ (இன்ச்சுக்கு 600 புள்ளி) வேணும்னா அது 3.2 இன்ச்சுக்குத்தான் வரும், அதாவது 8 சென்டிமீட்டர் சொச்சம்தான். 300 போதும்னு சொல்றது போட்டோவுக்கு. கோட்டுக்கு ஓரம் கூர்மையா நிக்கணும், அங்க 300 பத்தாது. இன்னொன்னு, ஸ்கிரீன்ல சாய்வு கோடு மழமழன்னு தெரியறதுக்காக ஓரத்துல சாம்பல் பிக்சல் போட்டிருக்கும், அந்த சாம்பலை பிரஸ்ல அச்சடிக்கும்போது சின்னச் சின்ன புள்ளியா உடைச்சுடும், கோடு எறும்பு ஊர்ற மாதிரி ஆயிடும்.

அதை ஜேபெக்கா வேற சேவ் பண்ணா கேக்கவே வேணாம். ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டமா பிரிச்சு சுருக்கும், போட்டோவுல அது கண்ணுக்குத் தெரியாது, ஆனா வெள்ளை மேல கறுப்பு கோடு இருக்குற இடத்துல சுத்தியும் அழுக்கு படிஞ்ச மாதிரி தெரியும். ராஸ்டர்தான், அதாவது பிக்சலா இருக்குற படம்தான் வேணும்னா பிஎன்ஜி இல்ல டிஃப்தான். வேர்ட்ல ஒரு செட்டிங் இருக்கு, படத்தை கம்ப்ரஸ் பண்ணாதேன்னு ஆப்ஷன்ஸ்ல அட்வான்ஸ்ட் பக்கத்துல டிக் போடணும், போடலைன்னா நீங்க 600ல கொண்டு வந்த படமும் சேவ் பண்றப்போ சத்தமில்லாம 220க்கு இறங்கிடலாம். இது தெரியறதுக்கே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

சரி, வெக்டருக்கு, அதாவது பிக்சல் இல்லாம கோட்டை கோடாவே சேமிக்கிற படத்துக்கு மாறிட்டா தீர்ந்துச்சுன்னு நினைச்சேன். எத்தனை மடங்கு பெருசாக்கினாலும் உடையாதே. உடையலதான், ஆனா சின்னதாக்கினா என்ன ஆகும்னு யோசிக்கல.

எங்க டிசைன் டிராயிங் எல்லாம் ஏ1 ஷீட். மேனுவல் ஏ5. ஏ1ல இருந்து ஏ5க்கு போனா நீளம் அகலம் ரெண்டும் சரியா கால்வாசி ஆகும். அப்போ ஏ1ல 3.5 மில்லிமீட்டர் உயரத்துல இருந்த எழுத்து 0.9 மில்லிமீட்டர் ஆயிடும், எறும்பு கூட கண்ணாடி போட்டுத்தான் படிக்கணும். 0.25ல போட்ட டைமென்ஷன் கோடு (அளவு காட்டுற கோடு) 0.06 ஆகும். 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் போட்ட ஹேச்சிங் (வெட்டுமுகத்தைக் காட்டுற சாய்வு கோடுகள்) முக்கால் மில்லிமீட்டருக்கு நெருங்கி ஒரே சாம்பல் பூச்சா தெரியும். மறைஞ்ச விளிம்பைக் காட்டுற டேஷ் கோடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி முழுக்கோடு மாதிரி ஆயிடும், அதுதான் இதுல ஆபத்தானது, ஏன்னா படிக்கிறவனுக்கு உள்ள இருக்குற விளிம்பு வெளிய இருக்குற மாதிரி தெரியும்.

இதைவிடப் பெரிய கூத்து ரெண்டாவது வருஷம் நடந்துச்சு. பிடிஎஃப் ரெடி பண்ணி, ஆபீஸ் லேசர் பிரிண்டர்ல எடுத்துப் பார்த்தேன், அருமையா இருந்துச்சு. பிரஸ்ல இருந்து போன் வந்துச்சு, "சார், 14ஆம் பக்கத்துல நம்பர் மட்டும்தான் இருக்கு, படம் எங்க?"ன்னாங்க. ப்ரூஃபை (மாதிரி அச்சை) வாங்கிப் பார்த்தா, பம்ப்போட எக்ஸ்ப்ளோடட் வியூ (பாகங்களைப் பிரிச்சுக் காட்டுற படம்) இருக்க வேண்டிய இடத்துல 1, 2, 3ன்னு நம்பரு மட்டும் அந்தரத்துல தொங்குது. வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சா லேசா ஒரு நிழல் மாதிரி கோடு தெரிஞ்சுது. நான் லைன் வெயிட்டை (கோட்டு கனத்தை) ஜீரோல விட்டிருக்கேன். பிடிஎஃப்ல ஜீரோ கனம்னா கோடு இல்லைன்னு அர்த்தம் கிடையாது, அந்த மெஷினால போட முடிஞ்ச மிக மெல்லிய கோட்டைப் போடுன்னு அர்த்தம். 600 டிபிஐ லேசர்ல அது 0.04 மில்லிமீட்டர், கண்ணுக்குத் தெரியும். பிரஸ்ல அச்சடிக்கிற 2400 டிபிஐ பிளேட்ல அது 0.01 மில்லிமீட்டர், மை கூட ஒழுங்கா ஒட்டாது. பிரஸ்காரங்க மேல ஒரு தப்பும் இல்ல, நான்தான் பார்க்கல.

ஸ்கிரீன்ல இது ஏன் தெரியலைன்னா, பிடிஎஃப் பார்க்குற அக்ரோபேட்ல மெல்லிய கோட்டை தடிமனா காட்டுற செட்டிங் ஒண்ணு இருக்கு, ப்ரிஃபரன்சஸ்ல பேஜ் டிஸ்ப்ளேக்குள்ள. அது ஆன்ல இருந்தா முடி மாதிரி இருக்குற கோடும் ஜம்முனு நிக்கும். நான் அன்னைக்கு ஆஃப் பண்ணதுதான், இன்னும் ஆன் பண்ணல.

இப்போ என்ன பண்றேன்னா, மேனுவலுக்குன்னு தனி லேஅவுட். புக்ல அந்தப் படம் எத்தனை மில்லிமீட்டர் அகலத்துல வரப்போகுதோ, எனக்கு பெரும்பாலும் 120, அதே அளவுல பேப்பர் சைஸ் வச்சு அங்கயே கோட்டு கனத்தை முடிவு பண்ணிடுறேன். டிராயிங்குக்கான ஸ்டாண்டர்ட் ஐஎஸ்ஓ 128ல சொல்ற வரிசைதான், 0.13, 0.18, 0.25, 0.35, 0.5, 0.7ன்னு போகும். பொருளோட வெளி விளிம்பு 0.35, உள்ள இருக்குற விளிம்பெல்லாம் 0.18, அம்புக்கோடு 0.18. 0.18க்குக் கீழ நான் போறதே இல்ல. பாயிண்ட் கணக்குல பேசுறவங்களுக்கு, 0.35ன்னா கிட்டத்தட்ட 1 பாயிண்ட், 0.18ன்னா அரை பாயிண்ட். வெளிக்கோடு மட்டும் உள்கோட்டை விட ரெண்டு மடங்கு கனமா இருந்தாலே போதும், படம் பேப்பர்ல இருந்து எழுந்து நிக்கும், ஷேடிங்கே தேவையில்ல.

டைமென்ஷன் எல்லாம் தூக்கிடுறேன், வால்வைக் கழட்டுறவனுக்கு டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம்ங்கிறது) எதுக்கு. சாலிட்வொர்க்ஸ்ல டேன்ஜென்ட் எட்ஜை (வளைவு தட்டையோட சேர்ற இடத்துல வர்ற கோடு) எடுத்துடணும், இல்லைன்னா ஒவ்வொரு ஃபில்லட்டுக்கும் (உருட்டின மூலைக்கும்) ரெண்டு கோடு வந்து ஒரு சாதாரண காஸ்டிங் கூட வலைப்பின்னல் மாதிரி தெரியும். டிராயிங் வியூ டிராஃப்ட் குவாலிட்டில இருந்தா ஹை குவாலிட்டிக்கு மாத்துங்க. ஆட்டோகேட்ல ரெண்டு விஷயம். ஒண்ணு ஓவர்கில் கமாண்ட், ஒண்ணு மேல ஒண்ணு கிடக்குற டூப்ளிகேட் கோட்டை எல்லாம் அழிச்சுடும். ரெண்டு, மோனோகுரோம் பிளாட் ஸ்டைல் (கலரை கறுப்பா பிரிண்ட் எடுக்குற செட்டிங்) போட்டா எல்லாம் கறுப்பா வரும்னு நம்பாதீங்க, ட்ரூ கலர் (நம்பர் கலரா இல்லாம நேரடியா கலக்கி எடுத்த கலர்) கொடுத்து வச்ச கோடு மட்டும் அதே கலர்லதான் வரும், யாரோ ஒருத்தர் ஆசையா கொடுத்த ஆரஞ்சு கலர் அச்சுல வெளிறிப் போயிருக்கும்.

பிடிஎஃப்பா எடுத்ததுக்கு அப்புறம், வெக்டர் படத்தை எடிட் பண்ற இங்க்ஸ்கேப். காசு கேக்காத சாஃப்ட்வேர், அதுக்கு நான் கோயிலே கட்டலாம். செலக்ட் சேம்னு ஒரு மெனு இருக்கு, ஒரு கோட்டைத் தொட்டா அதே ஸ்டைல்ல இருக்குற மொத்த கோட்டையும் புடிச்சுக் கொடுத்துடும், 2000 துண்டா இருந்தாலும் ஒரே அடியில கனத்தை மாத்திடலாம். கோட்டு முனையை ரவுண்டா வச்சுடுங்க, மூலையில சந்திக்கிற இடம் பிளந்து நிக்காது. ஒரே ஒரு இடத்துல கவனம், படத்தை ஸ்கேல் பண்றப்போ கோட்டு கனமும் சேர்ந்து மாறணுமா வேணாமான்னு மேல ஒரு குட்டி பட்டன் இருக்கும், அது எந்த நிலையில இருக்குன்னு பார்க்காம இழுத்தா அரை மணி நேர வேலை போச்சு. நான் மூணு தடவை போக்கியிருக்கேன்.

கறுப்பு மையைப் பத்தி சொல்லலைன்னா பாவம். இங்க்ஸ்கேப் வேலை செய்றது ஆர்ஜிபில (ஸ்கிரீனோட சிவப்பு, பச்சை, நீலக் கணக்கு), அந்தக் கறுப்பு பிரஸ்ல நாலு மையா பிரிஞ்சா, ஒரு பிளேட் மயிரிழை நகர்ந்தாலும் கோட்டோரத்துல சிவப்பு நீலம்னு நிழல் அடிக்கும். அதனால கடைசி பிடிஎஃப்பை, பிடிஎஃப்பை மாத்தித் தர்ற கோஸ்ட்ஸ்கிரிப்ட் சாஃப்ட்வேர்ல கிரேஸ்கேலா (கறுப்பு-சாம்பலா) மாத்திடுறேன், ஒரே கறுப்பு மைதான். ஒரே கலர்ல அச்சடிக்கிற மேனுவலுக்கு இது போதும்.

வேர்டுக்கே போகணும்னா, வெக்டர் ஃபார்மட்ல எஸ்விஜியா இன்சர்ட் பண்ணுங்க, இப்போ வர்ற வெர்ஷன்ல ஒழுங்கா எடுத்துக்குது. இபிஎஸ்ங்கிற பழைய ஃபார்மட்டை மறந்துடுங்க, பாதுகாப்பு காரணம்னு சொல்லி 2017ல ஆபீஸ்ல நிறுத்திட்டாங்க. விண்டோஸோட இஎம்எஃப் ஃபார்மட் அவசரத்துக்கு ஓகே, வட்டமெல்லாம் பலகோணமா மாறி வந்தா ஆச்சரியப்படாதீங்க.

இவ்வளவு மெனக்கெடணுமான்னு கேட்டா, ஆமா. இதெல்லாம் பண்றதுக்கு முன்னாடி போட்ட முதல் எடிஷன் புக் ஒண்ணு ஃபீல்டுல இருந்து திரும்பி வந்துச்சு, கிரீஸ் கறையோட. சீல் மாத்துற பக்கத்துல ஓ-ரிங் எங்க உக்காரணும்ங்கிற இடத்துல சர்வீஸ் பண்ணவர் பேனாவால, சரியா தெரியாத என் கோட்டு மேலயே அழுத்தி வரைஞ்சிருந்தார். பக்கத்துலயே ஒரு கேள்விக்குறி. திட்டியிருந்தா கூட அவ்வளவு உறைச்சிருக்காது.

குறைன்னு சொன்னா ஒண்ணே ஒண்ணுதான், ஆனா பெருசு. டிசைன் மாறினா இங்க்ஸ்கேப்ல தேச்சு மெருகேத்தின வேலை மொத்தமும் வீண். சாலிட்வொர்க்ஸ் கம்போசர் மாதிரி இதுக்குன்னே இருக்குறதுல மாடலை அப்டேட் பண்ணா வியூவும் கூடவே மாறும், பெரிய டீம்னா அதையே பாருங்க. நான் ஒத்தை ஆள், அதனால வியூ ஆங்கிளை மாடல்லயே பேர் வச்சு சேவ் பண்ணிக்கிறேன், பார்ட் நம்பர், அம்பு எல்லாம் படத்துல போடாம பேஜ் லேஅவுட்லதான் போடுறேன், படம் மாறினாலும் அது அப்படியே நிக்கும். போன மாசம் பேரிங் ஹவுசிங்ல ஒரு போல்ட் ஹோல் கூடுச்சு, ஒரே ஒரு ஓட்டை, 11 படம் திருப்பி எடுத்தேன். 9 முடிஞ்சுது, ரெண்டு இன்னும் பாக்கி.