எண்ணும் எழுத்தும் இங்கிலீஷ் புக்கு, ரெண்டாவது படிக்கிற பையனோட அம்மா எழுதுறேன்

சேலம் அம்மாபேட்டை பக்கம் கவர்மென்ட் ஸ்கூல்ல பையன் ரெண்டாவது படிக்கிறான். அங்க இங்கிலீஷ் எப்டிங்க, நம்பி சேக்கலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க, அதான் எழுதுறேன்.

தெரியாதவங்களுக்கு, கொரோனால ஸ்கூல் மூடிக் கிடந்து பிள்ளைங்க படிச்சதெல்லாம் விட்டுப்போச்சுன்னு 2022ல நம்ம தமிழ்நாடு கவர்மென்ட் இந்த எண்ணும் எழுத்தும் திட்டத்த ஒண்ணாவதுலருந்து மூணாவது வரைக்கும் கொண்டு வந்தாங்க, அடுத்த வருஷம் நாலு அஞ்சுக்கும் வந்துருச்சு. தமிழ், இங்கிலீஷ், கணக்கு மூணும் உண்டு. பிள்ளைங்கள அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலையா பிரிச்சு, பிள்ளை எந்த கிளாஸ்ல இருந்தாலும் அதுக்கு எது வருதோ அங்கருந்து சொல்லித் தர்றாங்க. காசு கிடையாது.

ஆனா அதோட இங்கிலீஷ் புக்க மட்டும் பாத்து மார்க் போடச் சொன்னா அஞ்சுக்கு மூணுதான். படம் பாத்து, கோடு சேத்து, எழுதி எழுதி பக்கத்த நிரப்பிடலாம், வாயத் தொறக்காமலே முடிச்சிடலாம்.

பேச வெக்கிறது எங்க மிஸ்ஸுதான். எஸ்எம்சி (பள்ளி மேலாண்மைக் குழு) மீட்டிங்குக்கு கொஞ்சம் முன்னாடியே போனேன், ஜன்னல் வழியா பாத்தா உள்ள கடை விளையாட்டு நடக்குது. பெஞ்சு மேல காகிதத்துல வெட்டுன மாம்பழம், தேங்கா, நிஜ தட்டுவடை, நோட்டுப் பேப்பர்ல எழுதுன பத்து ரூவா. ஒரு பொண்ணு கடைக்காரம்மா மாதிரி உக்காந்து "வாட் டு யூ வான்ட்?"ங்குது. எங்க பையன் "ஐ வான்ட் மேங்கோ டூ"ன்னான். மிஸ் திட்டல, தப்புன்னுகூட சொல்லல, "ஓ, யூ வான்ட் டூ மேங்கோஸ்?"னு சும்மா பேச்சுவாக்குல கேட்டாங்க, அவனும் "எஸ் மிஸ், டூ மேங்கோஸ், ஹவ் மச்?"னு கடைக்காரம்மா பக்கம் திரும்பிட்டான். அடுத்து நின்ன வாண்டு "தட்டுவடை செட், நோ பீட்ரூட்"னான் பாருங்க (எங்க ஊர் தட்டுவடை செட்ல பீட்ரூட் துருவல் வெச்சுதான் தருவாங்க), கிளாஸே சிரிச்சுருச்சு.

தண்ணி குடிக்க, கதவு சாத்த, பென்சில் கேக்க எல்லாத்துக்கும் தினமும் அதே சின்னச் சின்ன வாக்கியம்தான், கேட்டாதான் கிடைக்கும்ங்கறதால தானா வருது. இங்கிலீஷ் வார்த்தை வராம நின்னா தமிழ்லயே சொல்லலாம், மிஸ் அதையே இங்கிலீஷ்ல சொல்லிக் காட்டுவாங்க. இது ரொம்ப ரொம்ப முக்கியம்ங்க. பெரியவள முன்னாடி ஒரு பிரைவேட் ஸ்போக்கன் கிளாஸுல சேத்திருந்தோம், தமிழ்ல பேசுனா ஃபைன், ஒரு பக்கம் மை செல்ஃப் மனப்பாடம், அத கடகடன்னு ஒப்பிப்பா, நடுவுல நிறுத்தி வேற ஒண்ணு கேட்டா மூச்சுவிடமாட்டா. ஃபைனுக்குப் பயந்து வாயே தொறக்காத பிள்ளைக்கு பேச்சு எப்டி வரும்?

எங்க தெருவுல பாதி வீட்ல தறி ஓடுது, அப்பா அம்மா ரெண்டு பேரும் தறியிலதான். பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் காதுல விழுற ஒரே இடம் கிளாஸ்தான், அதனால மிஸ் பேசுற ஒவ்வொரு வாக்கியமும் எங்களுக்குப் பெருசு. கவர்மென்ட்டுக்கு ஒரே கோரிக்கை, ரெண்டு மூணு கிளாஸ ஒரே டீச்சர் பாக்குற ஸ்கூல்ல இன்னொரு ஆள் போடுங்க, இல்லன்னா ஒரு பிள்ளைக்குப் பேச முறை வர்றதுக்குள்ள பீரியடு முடிஞ்சிரும்.

எங்க மிஸ் கிளாஸுக்கு அஞ்சுக்கு அஞ்சு. சேக்கப் போறவங்க எந்த ஸ்கூலா இருந்தாலும் நோட்டப் பாக்காதீங்க, ஒண்ணாவது படிக்கிற ஒரு பிள்ளைகிட்ட தண்ணி வேணும்னா மிஸ்கிட்ட எப்டி கேப்பன்னு கேளுங்க.