பதினைந்து வயதுத் தவறும் சாட்சிக் கூண்டும்: மூன்று விதிகளின் ஒப்பீடு

அமெரிக்காவில் குற்றம் சாட்டப்பட்டவர் வாய் திறக்காமலே இருக்கலாம், அது அவர் உரிமை. ஆனால் தானே கூண்டேறிச் சாட்சி சொல்லிவிட்டால், 'இவர் பேச்சை நம்பலாமா?' என்று ஜூரி யோசிக்கும்படி அவருடைய பழைய தண்டனைகளை அரசு வழக்கறிஞர் சில வரம்புகளுக்குள் எடுத்து வைக்கலாம். சரி, அந்தப் பழைய விவகாரம் அவர் பதினைந்து வயதில் சிறார் நீதிமன்றத்தில் முடிந்த ஒன்றாக இருந்தால்? இடத்துக்கு இடம் பதில் மாறுகிறது.

கூட்டாட்சி நீதிமன்றங்களில் பதில் தெளிவு. சாட்சிய விதி 609-இன் டி பிரிவு, சிறார் தீர்ப்பை உள்ளே விட நான்கு நிபந்தனைகள் வைக்கிறது: வழக்கு குற்றவியல் வழக்காக இருக்க வேண்டும், அந்தத் தீர்ப்பு குற்றம் சாட்டப்பட்டவர் அல்லாத வேறொரு சாட்சியுடையதாக இருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் அதே குற்றத்துக்குத் தண்டனை பெற்றிருந்தால் அது ஏற்கப்படுவதாக இருக்க வேண்டும், நியாயமான முடிவுக்கு அது தேவைப்பட வேண்டும். இரண்டாவது நிபந்தனையிலேயே குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பாதுகாப்பு கிடைத்துவிடுகிறது.

பென்சில்வேனியா வேறு பக்கம் நிற்கிறது. பொய், நேர்மையின்மை சார்ந்த குற்றமாக இருந்து, பெரியவருக்கு அது ஏற்கப்படும் என்றால், குற்றவியல் வழக்கில் சிறார் தீர்ப்பையும் சாட்சியின் நம்பகத்தன்மைக்கு எதிராகப் பயன்படுத்தலாம். கூட்டாட்சி விதியில் உள்ளதுபோலக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு என்று தனி விலக்கு அந்த விதியில் இல்லை. 'நேர்மையின்மை என்றால் வயது எதற்கு?' என்ற வாதம் முதலில் கேட்க நன்றாகத்தான் இருக்கும். எனக்கு உறுத்துவது வேறு. சிறார் நீதிமன்ற விசாரணைக்கு ஜூரி கேட்க அரசியலமைப்பில் உரிமை இல்லை என்று 1971-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதே மெக்கீவர் என்ற பென்சில்வேனியா வழக்கில்தான். அன்று அந்தப் பையனுக்கு 'இது தண்டனை இல்லை, திருத்தம்' என்று சொல்லி ஜூரியை மறுத்தோம். பத்து வருடம் கழித்து அதே தீர்ப்பை ஒரு ஜூரி முன் வைத்து, இவன் பேச்சை நம்பாதீர்கள் என்கிறோம். கொடுத்த வாக்கை இப்படித் திரும்ப வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கலிஃபோர்னியா நடுவழி. சிறார் தீர்ப்பு அங்கே 'தண்டனை' அல்ல, ஆகவே அந்தத் தீர்ப்பைக் காட்ட முடியாது. ஆனால் அதன் பின்னால் உள்ள செயல் ஒழுக்கக்கேட்டைக் காட்டுவதாக இருந்தால், அந்தச் செயலைச் சாட்சிகள் மூலம் நிரூபிக்கலாம். 1982-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த எட்டாவது முன்மொழிவுக்கு (குற்ற வழக்கில் பொருத்தமான சாட்சியத்தைத் தள்ளக்கூடாது என்ற சட்டத் திருத்தம்) பிறகு உருவான நிலை இது. பயனைவிடப் பாதிப்பு மிக அதிகம் என்று நீதிபதி கருதினால் தடுக்கலாம். காகிதத்தில் இதுதான் மிகச் சமநிலையானது. நடைமுறையில், பழைய திருட்டைப் பற்றிப் பேச அன்றைய ஆட்களையே மறுபடி கூண்டேற்ற நேரும். வழக்குக்குள் இன்னொரு வழக்கு!

'சாட்சிக்கு எதிராக மட்டும் பயன்படுத்தலாம், குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகக் கூடாதா, இது ஓரவஞ்சனை இல்லையா?' என்று கேட்பார்கள். 1974-இல் டேவிஸ் எதிர் அலாஸ்கா வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அரசின் முக்கிய சாட்சி, கட்டடம் புகுந்து திருடிய குற்றத்துக்காகச் சிறார் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்த ஓர் இளைஞர். தன்மேல் சந்தேகம் வராமலிருக்க அவர் வேறொருவரைக் கைகாட்டியிருக்கலாம் என்று காட்ட எதிர்த்தரப்புக்கு உரிமை உண்டு, பதிவின் ரகசியம் அதற்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்றது உச்ச நீதிமன்றம். தனக்கு எதிரான சாட்சியை நேருக்கு நேர் கேள்வி கேட்கும் உரிமை அரசியலமைப்பு குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுத்தது. அரசுத் தரப்புக்கு அப்படி ஓர் உரிமை இல்லை. ஆகவே இது ஓரவஞ்சனை இல்லை. அதோடு டேவிஸ் வழக்கில் கேள்வி பொதுவான குணத்தைப் பற்றியது அல்ல, இந்த வழக்கில் பொய் சொல்ல இவருக்கு என்ன காரணம் என்பது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பேன். குற்றம் சாட்டப்பட்டவரே கூண்டில் நின்று 'நான் வாழ்க்கையில் எந்த வழக்கிலும் சிக்கியதே இல்லை' என்று சொன்னால், அந்தப் பொய்யை முறியடிக்கும் அளவுக்கு மட்டும் பழைய பதிவு வரலாம். அப்புறம் அதற்கு மேல் ஒரு வரிகூட வேண்டாம்.

மீதிக்கு, கூட்டாட்சி விதியையே தேர்ந்தெடுப்பேன். பதிவு வெளிவரும் என்று தெரிந்தால் பலர் கூண்டேறவே தயங்குவார்கள். 1984-இல் லூஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, கூட்டாட்சி நீதிமன்றத்தில் சாட்சி சொல்லாமல் ஒதுங்கியவர், முன்தண்டனையை அனுமதித்த உத்தரவை மேல்முறையீட்டில் கேள்வி கேட்க முடியாது. கலிஃபோர்னியாவும் பிறகு அதே வழிக்கு வந்தது. ஆகவே அங்கே 'அனுமதிப்பேன்' என்று நீதிபதி முன்கூட்டியே சொல்லிவிட்டால், பேசினால் பதினைந்து வயது வெளியே வரும், பேசாவிட்டால் உத்தரவு அப்படியே நிற்கும். அன்று இரவு என்ன நடந்தது என்று அவர் வாயால் ஜூரி கேட்காமலே தீர்ப்புக்குப் போகும்.