காய்ச்சலும் பாய்ச்சலுமா, தண்ணீர் கட்டுவதா?

போன குறுவையில் ஆடுதுறை 43 நெல் ரகம் நட்ட வயலில் பாதிக்கு எப்போதும் போலத் தண்ணீர் கட்டினோம், மறுபாதிக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது தண்ணீர் வற்றி மண் கொஞ்சம் காய்ந்த பிறகே மறுபடி பாய்ச்சுவது. இரண்டிலும் விளைச்சல் ஏறக்குறைய ஒன்றுதான். இந்தக் குறுவையில் வயல் முழுக்கக் காய்ச்சலும் பாய்ச்சலும்.

தண்ணீர் கட்டினால் களை அடங்கும், கவலை குறைவு. அது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும் மண்ணில் காற்று இல்லை. அங்கே வாழும் நுண்ணுயிரிகள் புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. இடையிடையே காயவிட்டால் அது வெகுவாகக் குறையும். புவியைச் சூடாக்கும் இன்னொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூடினாலும் மொத்தத்தில் நன்மைதான்.

எவ்வளவு காயலாம் என்பதற்கு சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய எளிய வழி இருக்கிறது. 30 செ.மீ. பிவிசி குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டு, அந்தப் பாதியை வயலில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாயில் தண்ணீர் மண் மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் பாய்ச்சலாம். நட்ட முதல் இரண்டு வாரமும், பூக்கும் சமயத்தில் முன்னும் பின்னும் ஒரு வாரமும் காயவிடக் கூடாது.

முடிவைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர் யார் கையில் இருக்கிறது? எங்களுக்கு போர்வெல் இருக்கிறது, நினைத்த அன்று மோட்டார் போடலாம். பக்கத்து வயல் பெரியப்பாவுக்கு வாய்க்கால் மட்டும்தான். குழாயைக் காட்டியபோது, "முறை வர்ற அன்னைக்கு ரொப்பாம விட்டா, அடுத்த முறை உன்னைக் கேட்டுட்டா வரும்?" என்றார். அவர் சொன்னது நியாயம். கதவணை எப்போது திறக்கும் என்று தெரியாதவருக்கு, வயலில் நிற்கிற தண்ணீர்தான் கையிருப்பு. அதைக் காயவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முறை தவறாமல் இத்தனை நாளைக்கு ஒருமுறை என்று வாய்க்காலில் வந்தால், அவர் வயலிலும் இது தானாகவே நடந்துவிடும்.

மிச்சமாகும் தண்ணீர் எங்கள் பணப்பையில் தெரியவில்லை, பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். டீசல் இன்ஜின் வைத்திருப்பவருக்கு உடனே தெரியும். எங்களுக்குத் தெரிந்தது மோட்டார் ஓடிய நேரம் குறைந்ததுதான். நிலத்தடி நீரை நினைத்தால் எனக்கு அதுவே போதும்.

சம்பாவில் நான் செய்து பார்த்ததில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் வயல் காயவே காயாது. உவர் நிலம் வைத்திருப்பவர்களும் அவசரப்பட வேண்டாம். காயவிட்டால் உப்பு மேலே ஏறும், அங்கே தண்ணீர் கட்டுவதே நல்லது. மோட்டார் வைத்திருப்பவர்கள் முதலில் ஒரு பாத்தியில் மட்டும் குழாயைப் புதைத்துப் பாருங்கள்.