ஹட்டனில் பழைய மோட்டார் சைக்கிள் மீற்றர் திருத்தம்: என் மதிப்பீடு

ஹட்டனிலிருந்து டிக்கோயா செல்லும் வீதியிலுள்ள சிறிய பட்டறையொன்றில் எனது பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிளின் வேகமானியைத் திருத்தக் கொடுத்திருந்தேன். மூடுபனியும் மழையும் ஓயாத மலையகத்தில், கண்ணாடிக்குள் ஈரம் புகுந்து முள் தடுமாறுவது பழைய வண்டிகளில் அடிக்கடி காணும் குறைதான்.

கிலோமீற்றர் எண்கள் சரியாக ஓடுவதைக் கவனித்த பட்டறை பாஸ், மீற்றரைச் சுழற்றும் கேபிளிலோ முன்சில்லின் பற்சக்கரத்திலோ பழுதில்லை என்பதை மீற்றரைக் கழற்றுவதற்கு முன்னரே விளக்கினார். கேபிள் சுழற்றும் காந்தம் அலுமினியக் கிண்ணத்தைத் தொடாமலேயே இழுக்க, மெல்லிய சுருள்வில்லொன்று அதை எதிர்த்துப் பிடிப்பதால்தான் முள் வேகத்துக்கேற்ற இடத்தில் நிற்கிறது. அந்தச் சுருள்வில்லில் கை வைக்காமல், துருவேறிய அச்சை மட்டும் துப்புரவாக்கி, துளியளவு எண்ணெய் இட்ட அவரது பொறுமையை மனமாரப் பாராட்டுகிறேன். அவசரப்பட்டு வில்லை வளைத்தால் மீற்றர் காட்டும் வேகமே பொய்யாகிவிடும்.

முகப்புக்கு வெள்ளைத் தட்டும் கறுப்பு எண்களும் கேட்டேன், அச்சு நேர்த்தியாக வந்துள்ளது. எல்.ஈ.டி. விளக்குகளைப் பொருத்தியபோதுதான் அவரது அறிவு முழுமையாகத் தெரிந்தது: இரு பக்கச் சிக்னலுக்கும் மீற்றரில் ஒரே விளக்குள்ள வயரிங்கில் மின்னோட்டம் இரு திசையிலும் பாயும், எல்.ஈ.டி.யோ ஒரு திசையில் மட்டுமே எரியும் என்பதால், மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் இரண்டு டயோட்டுகளை எல்.ஈ.டி.யின் ஒரு முனையில் சேர்த்து, அதன் மறுமுனையை ஏர்த்தில் (வண்டியின் உலோகச் சட்டத்தில்) இணைத்தார்.

மடித்து மூடிய உலோக விளிம்பில் நெம்பிய தழும்புகள் தெரிவது மட்டுமே எனக்குக் குறை. ஆயினும் புதிய இறப்பர் வளையம் இறுக்கமாக அமர்ந்திருப்பதால், கடும் மழையிலும் கண்ணாடிக்குள் ஈரம் படியவில்லை.