வட்டம் போட்ட 12,000 டாலர்

மாசசூசெட்ஸில் எண்ணெய்க் கொதிகலனை அகற்றிவிட்டு ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் சூட்டை மின்சாரத்தால் உள்ளே இழுத்து வீட்டைச் சூடாக்கும் கருவி) பொருத்த நினைப்பவர்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 10,000 டாலர் போய்விட்டது.

2024 இலையுதிர் காலம். வீட்டுக்கு வந்த ஒப்பந்தக்காரர் நல்ல பேச்சுக்காரர். சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை விரித்து, மொத்தம் 24,000 என்று எழுதினார். மாநிலத்தின் பெரிய மின்சார, எரிவாயு நிறுவனங்கள் நடத்தும் ஆற்றல் சேமிப்புத் திட்டமான 'மாஸ் சேவ்' தரும் மானியம் 10,000, மத்திய அரசின் வரிச்சலுகை 2,000 இரண்டையும் கழித்தார். கீழே 12,000 என்று எழுதி, பேனாவால் இரண்டு முறை வட்டம் போட்டார். அந்த வட்டத்தைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் படவில்லை.

கட்டியதென்னவோ முழு 24,000. மானியம் எட்டு வாரத்தில் வரும் என்றார். வந்தது மறுப்புக் கடிதம்.

திட்டத்தின் பட்டியலில் உள்ளவர்தான் பொருத்த வேண்டுமாம். இவர் பெயர் அதில் இல்லை. முழு வீட்டு மானியத்துக்கு, வீட்டில் சூடு கசியாதபடி காப்பு செய்திருப்பதற்கும் சான்று வேண்டும். இவர் பரணில் ஏறிக்கூடப் பார்க்கவில்லை. நான் பிறகு டார்ச் அடித்துப் பார்த்தேன்: எலி குடைந்த பஞ்சு, நடுநடுவே வெறும் பலகை. இத்தனைக்கும் வீட்டைச் சோதித்துச் சொல்ல ஆள் இலவசமாக வருவார். காப்புப் பஞ்சு போடும் செலவில் 75 சதவீதத்தைத் திட்டமே ஏற்கும். விதியில் குற்றமில்லை. சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வரிச்சலுகை மட்டும் கிடைத்தது. அதுவும் நான் கட்டவேண்டிய வரி 2,000-க்கு மேல் இருந்ததால்தான். வரியே இல்லாதவருக்கு அதில் ஒரு காசும் திரும்பி வராது. பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற ஓர் அம்மாவுக்கும் இவர் அதே 2,000-ஐக் கழித்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார். அந்தச் சலுகை 2025 டிசம்பர் 31-உடன் முடிந்தேபோனது. இப்போதும் யாராவது அதைக் கழித்து விலை சொன்னால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஷ்ரூஸ்பரி, வெல்லஸ்லி போல நகராட்சியே மின்சாரம் விற்கும் ஊரில் இருப்பவர்கள் உங்கள் ஊர்த் திட்டத்தைத் தனியாக விசாரியுங்கள். மாஸ் சேவ் கணக்கை உங்களிடம் காட்டுவதே தவறு.

கழிக்காத விலையை எழுதி வாங்குங்கள். மானியம் வராவிட்டால் யார் தலையில் விழும் என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். பேனா தயங்கும்.

நான் சண்டைக்குப் போனபோது ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைக் காட்டினார். கடுகளவு எழுத்தில், 'மானியத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல'. நல்லவேளை, வட்டம் போட்ட தாளை நான் தூக்கி எறியவில்லை. சிறு வழக்கு நீதிமன்றத்தின் வரம்பு 7,000 டாலர். என் இழப்பு அதைத் தாண்டுகிறது. ஆகவே நுகர்வோர் சட்டம் 93ஏ-யின்படி அந்தத் தாளின் நகலோடு பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன். பதில் சொல்ல அவருக்கு 30 நாள். இன்று பத்தொன்பதாவது நாள்.